மாஸ்டருக்கும் அதே ஜீனோடைப் (வைரஸின் மரபணு வகை) வந்தால் அவர்தான் பரப்பினார் என்று ஆகிவிடுமா?

ஜூன் 3, காலை (கேள்வி)

அண்ணே, நான் ஒரு கல்லூரி விடுதியின் மெஸ் கமிட்டியில் இருக்கிறேன், ஊர் பேர் வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்து பசங்களுக்கு வாந்தி, பேதி. அறுபது பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். சுகாதாரத் துறையிலிருந்து வந்து சாம்பிள் எடுத்துப் போனார்கள். இப்போது ரிப்போர்ட் வந்திருக்கிறது, நோரோ வைரஸ், ஜி2.4 சிட்னி என்று. மெஸ் மாஸ்டர் ஒருவருக்கும் அதே ஜி2.4 சிட்னி. "வகை வரைக்கும் ஒத்துப்போகுது, அப்புறம் என்ன சந்தேகம்" என்று நிர்வாகம் அவரை வேலையை விட்டு நிறுத்தப் பார்க்கிறது. இது அவ்வளவு உறுதியான ஆதாரமா? நீங்கள் லேபில் இருப்பவர், சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

ஆதாரம் இல்லை தம்பி. அவர் பரப்பவில்லை என்றும் நான் சொல்ல வரவில்லை, இந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து இரண்டில் எதையும் சொல்ல முடியாது என்கிறேன். ஜி2.4 சிட்னி என்பது ஜி2 குழுவின் 4-ஆம் வகையில் 2012-ல் அடையாளம் கண்ட ரகம். அதற்கப்புறம் பத்து வருஷம் உலகத்தின் எந்த மூலையில் நோரோ வெடித்தாலும் பெரும்பாலும் அதுதான் வந்து நின்றது. இரண்டு பேர் 23சி-யில் வந்தார்கள் என்பதற்காக ஒரே பஸ்ஸில் ஒன்றாக வந்தார்கள் என்று ஆகிவிடுமா? ஒருவர் 23சி, இன்னொருவர் 29சி என்றால் சேர்ந்து வரவில்லை என்று அடித்துச் சொல்லலாம். ஜீனோடைப் செய்யும் வேலை அவ்வளவுதான். பிரித்து வைப்பதில் கெட்டி, சேர்த்து வைப்பதில் சோப்ளாங்கி.

மாஸ்டரை நிறுத்தும் கடிதம் போவதற்கு முன் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். மாஸ்டருக்கு எப்போது ஆரம்பித்தது, நாளும் நேரமும். பசங்களில் முதல் பத்துப் பேருக்கு எப்போது ஆரம்பித்தது, அதுவும் நாளும் நேரமும். லேபில் இருந்துகொண்டு நானே சொல்கிறேன், அந்த ஒரு தாள் எங்கள் மெஷினைவிட அதிகம் பேசும்.

ஜூன் 4, காலை

"வகை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், மைக்ரோஸ்கோப்பிலா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லா நோரோவும் ஒன்று போலத்தான் இருக்கும். 1968-ல் அமெரிக்காவின் ஓஹையோவில் நார்வாக் என்ற ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஏறக்குறைய பாதிப் பேர் வாந்தியெடுத்தார்கள், பாக்டீரியா எதுவும் சிக்கவில்லை. அந்த மலமாதிரியை வடிகட்டித் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், அவர்களுக்கும் வந்தது. (இன்றைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டி கையெழுத்துப் போடும் என்று யோசித்துப் பாருங்கள்.) 1972-ல் ஆல்பர்ட் கபிகியன் நோயிலிருந்து தேறியவரின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) கலந்து, அதிலிருந்த எதிர்ப்பொருளால் வைரஸ் துகள்கள் ஒட்டிக் கும்பலாகச் சேர்ந்த பிறகு எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். 27 நானோமீட்டர் உருண்டைகள்.

பார்த்தாயிற்றே தவிர வளர்க்க முடியவில்லை. பல வைரஸ்களை செல் வளர்ப்பில் பெருக்கி, எந்த சீரம் எதைத் தடுக்கிறது என்று பார்த்து வகை பிரிப்பது பழைய வழக்கம். நோரோ எந்தச் செல்லிலும் வளராமல் அடம் பிடித்தது. 2016-ல்தான் பேலர் மருத்துவக் கல்லூரியில் மேரி எஸ்டெஸ் குழுவினர் மனிதக் குடலின் ஸ்டெம் செல்களிலிருந்து உண்டாக்கிய சின்னத் திசுக்களில் அதை வளர்த்துக் காட்டினார்கள், சில ரகங்களுக்குப் பித்தநீரும் ஊற்ற வேண்டியிருந்தது. அதுவரை கைகொடுத்த வழி மரபணு. 1990-ல் மரபணுவைக் குளோன் செய்தபிறகு (லேபில் நகலெடுத்தபிறகு), அதன் ரசாயன எழுத்துகளைப் படித்தே குடும்பம் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

ஜூன் 4, மதியம்

லேபில் நடப்பது இதுதான். முதலில் ரியல்டைம் ஆர்டி-பிசிஆர், அதாவது வைரஸின் மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை. அது ஜி1-ஆ ஜி2-ஆ என்று பெரிய குழுவைச் சொல்வதோடு நின்றுவிடும். அதில் பெருக்குவது நூறு எழுத்துக்கும் குறைவான துண்டு, அதுவும் எல்லா ரகத்திலும் மாறாமல் இருக்கும் இடம் என்பதற்காகவே தேர்ந்தெடுத்தது. மாறாத இடத்தைப் படித்து வகை பிரிக்க முடியாது இல்லையா? அதனால் பாசிட்டிவ் வந்தவற்றில் இன்னொரு பிசிஆர் போட்டு, ஏறக்குறைய 570 எழுத்து நீளமுள்ள துண்டை எடுத்து சீக்வென்ஸிங்குக்கு (எழுத்து எழுத்தாகப் படிப்பதற்கு) அனுப்புவோம். மொத்த மரபணு சுமார் 7,500 எழுத்து. உங்கள் ரிப்போர்ட் அதில் பதின்மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத துண்டைப் படித்துச் சொன்ன பதில்.

அந்த 570 சும்மா எடுத்த இடம் இல்லை. வைரஸைப் பிரதியெடுக்கும் பாலிமரேஸ் நொதியின் மரபணு முடிந்து, மேலோட்டுப் புரதத்தின் மரபணு தொடங்கும் சந்திப்பு அது. ஒரே ஆளின் குடலில் இரண்டு ரகம் சேர்ந்து இருந்தால், பிரதியெடுக்கும்போது பெரும்பாலும் இந்தச் சந்திப்பில்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். முன்பாதி ஒரு ரகம், பின்பாதி வேறு ரகம். அதனால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். ஜி2.4 சிட்னி [பி16] என்றால் மேலோடு ஜி2.4, பாலிமரேஸ் பி16. இதே சிட்னி மேலோடு பி31 பாலிமரேஸோடும் வரும், அது வேறு ஆசாமி. தம்பி, உங்கள் ரிப்போர்ட்டில் சதுர அடைப்புக்குறிக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

2019-ல் இந்தப் பெயர் முறையை மறுபடி ஒழுங்கு செய்தார்கள். பத்து ஜீனோகுரூப் (பெரிய குழு), 49 ஜீனோடைப், 60 பி-வகை (பாலிமரேஸ் வகை). மனிதர்களைப் படுத்துவதில் பெரும்பகுதி ஜி1, ஜி2.

ஜூன் 4, மதியம், இன்னும் கொஞ்சம்

குழந்தைகளுக்குப் பேதி தரும் ரோட்டா வைரஸின் ரிப்போர்ட் பார்த்துப் பழகியவர்கள் கவனிக்கவும். அதிலும் ஜி, பி என்றுதான் போடுவார்கள், ஜி1 பி8 என்று. அந்த ஜி, பி வேறு, இந்த ஜி, பி வேறு. ரோட்டாவில் இரண்டும் வெளி ஓட்டுப் புரதங்கள். நோரோவில் ஜி என்பது குழு, பி என்பது பாலிமரேஸ். இரண்டு வைரஸையும் ஒரே மேஜையில் பார்க்கும் லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் மாசம் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். பெயர் வைத்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை போல.

ஜூன் 6

தம்பி தனியாகவும் எழுதியிருக்கிறார், அனுமதியோடு இங்கே போடுகிறேன். மாஸ்டருக்கு வாந்தி ஆரம்பித்தது செவ்வாய் விடியற்காலை. பசங்களில் முதல் ஆள் ஞாயிறு இரவு ஒன்பது மணி வாக்கில், நள்ளிரவுக்குள் இன்னும் பதினைந்து பேர், திங்கள் மதியத்துக்குள் பாதிக்கு மேல். அடைப்புக்குறிக்குள் பி16 இருக்கிறது. எல்லாருடைய 570 எழுத்தும் ஓர் எழுத்து மாறாமல் ஒன்றாம். ஒரே ஒரு பையனுக்கு மட்டும் ஜி1.3.

கடைசியிலிருந்து வருகிறேன். அந்த ஜி1.3 பையனை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அவன் வேறு எங்கேயோ வாங்கி வந்திருக்கிறான், அதே வாரத்தில் படுத்தது தற்செயல். வகை பார்த்ததால் உங்களுக்கு உருப்படியாகக் கிடைத்த விஷயம் இதுதான். அவன் வெள்ளிக்கிழமையே படுத்திருந்தால், "இவனால்தான் எல்லாம் ஆரம்பித்தது" என்று அவன் தலையில் கட்டியிருப்பார்கள்.

இப்போது மாஸ்டர். எழுத்து மாறவில்லை என்பதைத்தான் நிர்வாகம் பெரிதாகப் பிடித்துக்கொள்ளும். மூன்று நாளில், ஒரே விடுதிக்குள், 570 எழுத்தில் மாற்றம் வராமல் இருப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. மாஸ்டரிடமிருந்து பசங்களுக்குப் போயிருந்தாலும் ஒன்றாகத்தான் இருக்கும், பசங்களிடமிருந்து மாஸ்டருக்கு வந்திருந்தாலும் ஒன்றாகத்தான் இருக்கும், எல்லாரும் ஒரே குழம்பைச் சாப்பிட்டிருந்தாலும் ஒன்றாகத்தான் இருக்கும். எந்தத் திசையில் போனது என்பதை சீக்வென்ஸ் சொல்லாது. நோரோ உள்ளே போய் வாந்தி வர அநேகமாக 12 முதல் 48 மணி நேரம். ஞாயிறு இரவு படுத்தவர்களுக்கு வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு காலைக்குள் போயிருக்க வேண்டும். மாஸ்டருக்கு ஞாயிறு விடியற்காலையிலிருந்து திங்கள் மாலைக்குள், அதாவது பெரும்பாலும் அதற்கப்புறம்தான் போயிருக்கும். பார்த்தால் அவர் பாதிக்கப்பட்டவர் மாதிரிதான் தெரிகிறது.

ஜூன் 6, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் "அப்போ மாஸ்டர் நிரபராதி, கேஸ் குளோஸ்" என்று போட்டிருக்கிறார். அவ்வளவு அவசரம் வேண்டாம். உடம்புக்கு எதுவும் தெரியாமலே மலத்தில் வைரஸ் போகிறவர்கள் உண்டு, வாந்தி ஆரம்பிப்பதற்கு முன்பே போகவும் செய்யும், குணமான பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ போகும். அதனால் நேரக் கணக்கு அவர் பக்கம் சாய்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவே வேலையைப் பறிக்காமல் இருக்கப் போதும்.

தம்பி இன்னொன்றும் சொன்னார். சனிக்கிழமை மாலை டூர் போய்விட்டு வந்த ஒரு பையன் சாப்பாட்டுக் கூடத்தில் கைகழுவும் தொட்டி அருகே வாந்தியெடுத்திருக்கிறான், யாரோ பழைய துணியால் துடைத்து அதே துணியை அங்கேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். அவனிடம் சாம்பிள் எடுக்கவே இல்லை, "அவன் அதற்குள் சரியாகிவிட்டான்" என்பதால். எனக்கு இந்த வரியைப் படித்ததும் வயிறு எரிந்தது. வரிசையில் நின்று வாந்தியெடுத்த இருபது பேரிடம் எடுத்தாயிற்று, கதை ஆரம்பித்த ஆளிடம் எடுக்கவில்லை!

ஜூன் 7

வகை பார்த்து உண்மையாகவே ஒரு முடிச்சை அவிழ்த்த கதை கேட்டால் நான் சொல்வது ஜப்பான். 2017 ஜனவரியில் வாகயாமா மாகாணத்தில் கோபோ நகரப் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு சாப்பிட்ட பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் படுத்தார்கள். பிப்ரவரியில் டோக்கியோ பக்கம் தச்சிகாவா நகரப் பள்ளிகளில் ஆயிரத்துக்கும் மேல். இரண்டு ஊருக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், சமையற்கூடம் வேறு, ஆட்கள் வேறு. மற்ற இடங்களையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டாயிரத்தைத் தாண்டினார்கள். எல்லா இடத்திலும் ஜி2.17.

வகை ஒன்று என்பதோடு விட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும், ஏனென்றால் ஜி2.17 அதற்கு இரண்டு வருஷம் முன்பிருந்தே ஜப்பானில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் முழு மரபணுவையும் படித்து ஒப்பிட்டார்கள், ஒத்துப்போனது. இன்னொரு பக்கம் உணவுக் கணக்கைப் புரட்டியவர்களுக்குப் பொதுவாகச் சிக்கியது, காயவைத்து மெல்லிசாக நறுக்கிய நோரி கடற்பாசி. சாப்பாட்டின் மேல் தூவுவார்களே, அது. ஒசாகாவில் ஒரு சின்ன இடத்தில் டிசம்பர் கடைசியில் நறுக்கியது. நறுக்கியவருக்கு அப்போது வாந்தி இருந்திருக்கிறது, கையுறை இல்லாமல் வெறுங்கையால் வேலை பார்த்திருக்கிறார். பொட்டலத்திலேயே வைரஸ் கிடைத்தது.

இதில் என்னை அசத்தியது தேதிகள்தான். டிசம்பரில் கைபட்டது, பிப்ரவரியில் ஆயிரம் பிள்ளைகள். ஈரமே இல்லாத, சருகு மாதிரிக் காய்ந்த பொருளில் வைரஸ் அத்தனை வாரம் உட்கார்ந்திருக்கிறது. "காய்ந்த பொருள்தானே, அதில் என்ன வரும்" என்று அப்பளமும் வடாமும் பொட்டலம் போடும் இடங்களில் நானே கேட்டிருக்கிறேன். அப்பளம் எண்ணெய்க்குள் போய்விடும், பிழைத்தோம். நோரியை அப்படியே தூவுவார்கள்.

ஆனால் கவனியுங்கள், அங்கேயும் வகை மட்டும் அந்தக் கையைக் காட்டிக்கொடுக்கவில்லை. பொட்டலம், தேதி, விசாரணை, முழு மரபணு எல்லாம் சேர்ந்துதான் காட்டியது.

ஜூன் 9

ஒரு கேள்வி: ஒரே வெடிப்பில் நாலைந்து வகை கலந்து வந்தால்? அது பெரிய துப்பு. ஒரு சமையல்காரர் கையிலிருந்து வந்தால் அநேகமாக ஒரு வகைதான் வரும், ஏனென்றால் அவருக்கு இருப்பது ஒன்று. ஜி1-இல் இரண்டு, ஜி2-இல் மூன்று என்று கலவையாக வந்தால் சாக்கடையைத் தேடுங்கள். ஓர் ஊரே வெளியேற்றிய வைரஸ் அதில் இருக்கும். கழிவுநீர் கலந்த கடலில் வளர்ந்த சிப்பியைப் பச்சையாகத் தின்று வரும் வெடிப்புகள் அப்படித்தான். 2012-ல் ஜெர்மனியில் உறைந்த ஸ்ட்ராபெர்ரியால் ஏறக்குறைய 11,000 பேருக்கு வந்ததே, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், அதிலும் பல வகை கலந்திருந்தது. பழம் சீனாவிலிருந்து வந்தது.

ஃபின்லாந்தில் நோக்கியா என்று ஓர் ஊர். ஆமாம், போன் கம்பெனி அந்த ஊர்ப் பேரைத்தான் வைத்துக்கொண்டது. 2007 நவம்பரில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுநீர் ஒரு வால்வு வழியாகக் குடிநீர்க் குழாய்க்குள் போய்விட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் படுத்தார்கள். நோரோ, கேம்பிலோபாக்டர், ஜியார்டியா என்று ஒரு கிருமிப் பட்டாளமே கிடைத்தது. அந்த மாதிரிக் கலவை வந்தால் மெஸ் மாஸ்டர் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம், பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

தம்பி, உங்களுடையதில் ஒரே வகை. ஆகவே தண்ணீர்த் தொட்டி மீதான சந்தேகம் குறைகிறது, போகவில்லை. ஒரே ஆளின் கழிவு தொட்டிக்குள் போனாலும் ஒரே வகைதான் வரும்.

ஜூன் 11

சீக்வென்ஸ் வரைபடம் எப்படி இருக்கும் என்று கேட்டவருக்கு. நாலு எழுத்துக்கு நாலு நிறம், சின்னச் சின்ன மலை வரிசையாகப் போகும், ஒரு மலைக்கு ஓர் எழுத்து. நல்ல சாம்பிளில் மலைகள் தனித்தனியாக, அடிவாரம் சுத்தமாக இருக்கும். இரண்டு வகை கலந்த சாம்பிளில் ஒரே இடத்தில் பச்சை மலையும் சிவப்பு மலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். மென்பொருள் உயரமானதை எழுதிவிட்டுப் போய்விடும். மனிதக் கண் பார்க்கவில்லை என்றால் கலப்பு இருந்ததே ரிப்போர்ட்டில் வராது. பழைய மாதிரிகளில் வைரஸ் குறைந்து, சிடி மதிப்பு (ரியல்டைம் பிசிஆரில் வைரஸ் தென்பட எத்தனை சுற்று ஆனது என்ற எண்; கூடினால் வைரஸ் குறைவு) 35-ஐத் தாண்டிவிட்டால், இரண்டாவது பிசிஆரில் பெருக்கிய துண்டு பெரும்பாலும் ஜெல்லில் ஒரு கோடாகக்கூடத் தெரியாது. அப்போது "நோரோ ஜி2, வகை கண்டறிய இயலவில்லை" என்று எழுதிக் கொடுப்போம். அந்த வரியைப் பார்த்து லேபைத் திட்டாதீர்கள். ஐஸ் உருகி, லேபிள் மை கரைந்து, மூடி சரியாக மூடாமல் பாதி பையிலேயே கொட்டி வந்த குப்பிகளை எத்தனையோ பார்த்தாயிற்று.

ஜூன் 12

"எங்கள் ரூமில் ஆறு பேருக்கும் வந்தது, எனக்கு வரவில்லை, தினமும் ரசம் குடிக்கிறேன்" என்று ஒருவர். ரசத்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் எஃப்யூடி2 என்று ஒரு மரபணு இருக்கிறது. குடல் செல்களின் மேல் ரத்த வகையோடு தொடர்புடைய ஒரு சர்க்கரையை வைப்பது அதன் வேலை, நோரோவின் பல வகைகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒட்டும். ஐரோப்பியர்களில் ஐந்தில் ஒருவருக்கு அது வேலை செய்யாது, அவர்களுக்கு ஜி2.4 அநேகமாக ஒட்டாது. மற்ற சில வகைகள் இதைப் பொருட்படுத்தாமல் ஒட்டும். ஆகவே அடுத்த முறையும் தப்பிப்பீர்கள் என்று எழுதித் தர முடியாது.

ஜூன் 20

"அப்போ வகை பார்ப்பதே தண்டமா?" என்று ஒரு கோபக் கேள்வி. ஒரு விடுதிக்கு அது பெரிதாக உதவாது, ஒரு நாட்டுக்கு உதவும். அமெரிக்காவில் 2009 முதல் கேலிசிநெட் என்று மாநில லேபுகள் வெடிப்புகளின் சீக்வென்ஸை ஒரே இடத்தில் போட்டு வைக்கிறார்கள். ஜி2.4 தன் மேலோட்டை மாற்றி மாற்றி வந்தது பல நாடுகளில் அப்படிச் சேர்த்து வைத்ததால் தெரிந்தது: 2002 ஃபார்மிங்டன் ஹில்ஸ், 2004 ஹன்டர், 2006 டென் ஹாக், 2009 நியூ ஆர்லியன்ஸ், 2012 சிட்னி. சிட்னி மட்டும் நகராமல் உட்கார்ந்துகொண்டது. அதையும் 2024-25 பருவத்தில் ஜி2.17 தள்ளிவிட்டது, அமெரிக்க வெடிப்புகளில் சுமார் முக்கால் பங்கு அது. ஜி2.4-ஐ மனதில் வைத்துத் தடுப்பூசி செய்கிறவர்களுக்கு இது தலைவலி. இன்னும் நோரோவுக்கு அனுமதி பெற்ற தடுப்பூசி கிடையாது.

நம் பக்கத்தில் ரோட்டாவுக்கு இந்த வேலை நன்றாகவே நடந்தது, வேலூர் சிஎம்சி-யில் ககன்தீப் காங் குழுவினர் வருஷக்கணக்கில் வகை பார்த்தார்கள். நோரோவுக்கு அந்த அளவுக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. கேரளத்தில் 2021-ல் வயநாட்டிலும் 2023-ல் எர்ணாகுளத்திலும் மாணவர்களுக்கு வந்தபோது செய்தி "நோரோ உறுதி" என்பதோடு நின்றது. எந்த வகை என்று எந்தப் பத்திரிகையும் கேட்டு நான் பார்க்கவில்லை.

ஜூலை 2

தம்பியிடமிருந்து தகவல்: மாஸ்டர் வேலையில் இருக்கிறார், இரண்டு வாரம் சமையலறைக்குள் வராமல் ஸ்டோர் கணக்குப் பார்க்கச் சொன்னார்களாம். இது நியாயமான ஏற்பாடு. டூர் பையனிடம் சாம்பிள் கேட்டதற்கு ஓடிவிட்டானாம்.

இப்போது வாசலில் சானிடைசர் பாட்டில் வைத்திருக்கிறார்களாம். நோரோவுக்கு மேலுறைக் கொழுப்பு கிடையாது, ஆல்கஹால் அதை அவ்வளவாக அசைக்காது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். தரைக்கும் தொட்டிக்கும் ப்ளீச்சிங் பவுடர், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம், அதாவது குவித்த ஒரு மேஜைக்கரண்டி. வாந்தியை முதலில் காகிதத்தால் அள்ளிப் பையில் கட்டிவிட்டு, அப்புறம் கரைசலை ஊற்றிப் பத்து நிமிஷம் விட வேண்டும். துடைத்த துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பவுடர் பொட்டலம் திறந்து மாசக்கணக்கில் கிடந்திருந்தால் குளோரின் போயிருக்கும், புதுசு வாங்குங்கள்.